சகலை கூரைக்கு நடந்த மரியாதை

ஆரணி
திங்கட்கிழமை, காலை

பாசமுள்ள மச்சான் கிருபாகரனுக்கு,

உன் அக்கா சகாயமேரியின் வீட்டுக்காரன் கிளமெண்ட் எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் இங்கே எல்லாரும் சுகம், என்னைத் தவிர. அங்கே நீயும் ஜெசியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இருக்கவும் வேண்டும். ஏனென்றால் இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்க உனக்கு உடம்பில் தெம்பு வேண்டும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போன் பண்ணினால் "சைட்ல இருக்கேன் மாமா, அப்பறம் கூப்புடறேன்" என்கிறாய். அந்த அப்பறம் இன்னும் வரவில்லை. வாட்ஸ்அப்பில் மனசில் இருந்ததையெல்லாம் மூச்சு வாங்க வாங்கப் பேசி அனுப்பினேன். நீ ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விட்டாய். மூத்த மாப்பிள்ளையின் மனக்குறைக்குக் கட்டைவிரல்! அதனால்தான் இந்தக் கடிதம். கையெழுத்துப் போட்டு வாங்குகிற மாதிரிதான் அனுப்புகிறேன். வாங்கவில்லை என்று சொல்ல முடியாது பார்.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். சகாயமேரி உனக்கு அக்கா, ரீனா உனக்குத் தங்கை. ரெண்டு பேரும் ஒரே தெருவில் அடுத்தடுத்த வீட்டில் வாழ்க்கைப்பட்டவர்கள். நானும் ரீனாவின் வீட்டுக்காரர் டேவிட்ராஜும் தறிக்கொட்டகைக்கு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை ஒரே கடையில் எடுத்து, ஒரே வண்டியில் ஏற்றி வந்தோம். அவர் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். நான் பின்னால் ஷீட்டைக் கட்டின கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்று வந்தேன். அதை நான் இன்றைக்குச் சொல்ல வரவில்லை. சொல்ல வருவது என்னவென்றால், ரெண்டு கூரையும் இரட்டைப் பிள்ளைகள். ஒரு பிள்ளைக்கு ஊரைக் கூட்டி விழா எடுத்துவிட்டு, இன்னொரு பிள்ளையைப் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிப்போனால் பெற்றவனுக்கு எப்படி இருக்கும்? தங்கச்சிக்கு ஒரு நியாயம், அக்காவுக்கு ஒரு நியாயமா?

அவர் கூரை உடைந்ததே என்னால்தான். ஐப்பசிக் காற்றில் முறிந்து விழுந்ததே மாங்கிளை, அது யார் வீட்டு மரம்? என் வீட்டு மரம். நான் தண்ணீர் ஊற்றி, எரு போட்டு வளர்த்த மரம். அது என் கொட்டகைப் பக்கம் சாய்ந்திருக்கக் கூடாதா? சுவர் தாண்டிப் போய் அவர் கூரைமேல் விழுந்து ஷீட்டை நொறுக்கியது. அன்றைக்கு நான்தான் போய் "மன்னிச்சிக்கங்க சகலை" என்று கையைப் பிடித்துக்கொண்டேன். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தக் கிளையால் அவருக்கு வந்த பெருமைக்கு அவர்தான் பழத்தட்டோடு என் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும்.

உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் ஆபத்து, நான் வந்து எடுக்கிறேன், யாரும் கை வைக்காதீர்கள் என்று நீ சொன்னபோது ஏதோ ரெண்டு ஆளை அனுப்புவாய் என்று நினைத்தேன். நீ ஒரகடத்தில் வேலை பார்க்கிற ஆஸ்பெஸ்டாஸ் அகற்றும் கம்பெனியிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்களை அழைத்துக்கொண்டு வந்தாய். தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு, மூக்கில் ரெண்டு பக்கமும் டப்பா வைத்த முகமூடி. தெருவின் ரெண்டு முனையிலும் சிவப்பும் வெள்ளையுமாக நாடா கட்டினீர்கள். "அபாயம், ஆஸ்பெஸ்டாஸ் வேலை நடக்கிறது, உள்ளே வராதீர்" என்று போர்டு வைத்தீர்கள். எதிர்வீட்டு சக்கரவர்த்தி தெரு நீளத்துக்கு நூலை இழுத்துக் கட்டிப் பாவு நீட்டினான் என்றால் சப்பரம் வந்தாலும் நகர்த்த மாட்டான், உனக்கே தெரியும். அந்த சக்கரவர்த்தி டேவிட்ராஜ் வீட்டுக் கூரைக்காகப் பாவைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனான். என் மகள் கல்யாண ஊர்வலத்துக்குக்கூட அவன் சுருட்டவில்லை. நாங்கள் குனிந்து போனோம்.

அப்புறம் அந்தத் தண்ணீர் தெளித்தது. தூசி கிளம்பக்கூடாது, அதனால் நனைத்துவிட்டுத்தான் தொட வேண்டும் என்றாய். சரி. ஷீட்டை உடைக்காமல் ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றி, கைக்குழந்தையை இறக்குகிற மாதிரி இறக்கினார்கள். சரி. இறக்கியதை பிளாஸ்டிக்கில் சுற்றி, அதன்மேல் இன்னொரு பிளாஸ்டிக் சுற்றி, ஒட்டி, மேலே ஸ்டிக்கர் வேறு. கல்யாணப் புடவையைக்கூட நாம் ஒரு கவரில்தான் போட்டுக் கொடுக்கிறோம் மச்சான். அவர் வீட்டு உடைந்த ஷீட்டுக்கு ரெண்டு கவர்! என் தறிக்கும் உன் ஆட்கள் பிளாஸ்டிக் போர்த்தினார்கள், இல்லையென்று சொல்லவில்லை. பக்கத்து வீடு என்பதால் போர்த்தினார்கள். எனக்குக் கிடைத்தது பக்கத்து வீட்டு மரியாதை.

அன்று முழுக்க டேவிட்ராஜ் தலையில் ஹெல்மெட்டோடு நாடாவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். அவருக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. போர்டுக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தார். களம்பூரிலிருந்து பஸ் ஏறி வந்து பார்த்தவர்கள் உண்டு. அவர்களிடம் "எங்க ஊட்ல கொஞ்சம் சீரியஸ்ங்க" என்று சொல்கிறார். பெருமையாகச் சொல்கிறார்! சீரியஸாம். அதே ஷீட்டுக்கு அடியில் அத்தனை வருஷமாக நான் மட்டும் என்ன சும்மாவா உட்கார்ந்திருக்கிறேன்?

உன் ஆட்களுக்குத் தலைவன் முத்துவேல் நல்ல பையன்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவனும் என்னைப் புண்படுத்திவிட்டான். சாப்பாட்டு நேரத்தில் உடுப்பையெல்லாம் கழற்றி, கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். நான் சாதாரணமாகத்தான் கேட்டேன்.

"ஏம்பா, அந்த ஷீட்டுக்குள்ள ஏதோ இழை இருக்குதாமே, எவ்ளோ மெல்லிசு?"

"கண்ணுக்கே தெரியாதுங்க ஐயா. மூச்சுல உள்ள போனா அப்படியே நுரையீரல்ல குத்திகினு உக்காந்துடும். வருஷம் கழிச்சுதான் வேலையக் காட்டும்."

"எங்க பட்டு இழையவிடவா மெல்லிசு?"

"பட்டா? இதும் பக்கத்துல வெச்சா உங்க பட்டு கயிறுங்க."

கயிறு! நாற்பது வருஷமாக இழையைத் தொட்டுத் தொட்டு விரல்ரேகை தேய்ந்துபோனவனிடம் சொல்கிறான். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. டேவிட்ராஜ் மேலே மட்டுமா, அந்தப் பாழாய்ப்போன இழை மேலேயும் எனக்குப் பொறாமை வந்தது என்றால் நீ சிரிப்பாய். சிரி. இதில் கொடுமை என்னவென்றால், அடுத்த நாளே டேவிட்ராஜ் டீக்கடையில் "பட்டெல்லாம் அதுங்கிட்ட கயிறுங்க" என்று தானே கண்டுபிடித்த மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சரி, அதையும் பொறுத்தேன். வேலை முடிந்ததும் "மச்சான், அப்படியே நம்ம கொட்டகையையும் ஒரு பார்வை பாத்துடு" என்று உன்னைக் கூப்பிட்டேன். டார்ச் அடித்துப் பார்த்தாய். ஏணி போட்டு மேலேயும் பார்த்தாய். நீ கீழே இறங்கி வந்து, டேவிட்ராஜ் பக்கத்தில் நிற்கும்போது, சொன்னாயே: "உங்களுது எங்கயும் விரிசல் இல்ல மாமா, உதிரவும் இல்ல. தொடாம இருக்கற வரைக்கும் தொந்தரவு இல்ல. ஓட்டை போடாதீங்க, பாசியத் தேய்க்காதீங்க. மேல பெயிண்ட் அடிச்சு உட்டா போதும்." நீ நல்ல சேதி சொன்னதாக நினைத்துக்கொண்டாய். டேவிட்ராஜ் என் தோளைத் தட்டி, "பயப்படாதீங்கண்ணே, உங்களுது ஒண்ணுமில்ல" என்றார். ஒண்ணுமில்லையாம்! என் கூரையைப் பார்த்து, என் வாசலில் நின்றுகொண்டு!

இதோடு போயிருந்தால் நான் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். இனிமேல்தான் அசல் விஷயம். அவர் கொட்டகைக்கு நீலக் கலர் ஷீட் போட்டு முடித்த மறுநாள் உன் அக்கா இட்லிப் பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "ரீனா தறிக்கு ஆள் இல்ல, நான் அங்க போறேன்" என்று கிளம்பினாள். அன்றைக்குப் போனவள்தான். தினமும் காலையில் போகிறாள், நடுவில் சோற்றுக்கு எட்டிப் பார்ப்பதோடு சரி, பொழுது சாயத்தான் திரும்பி வருகிறாள். நம் தறியில் இருப்பது சேத்துப்பட்டு இளமதியின் முகூர்த்தப் புடவை. ரெண்டு பக்கமும் கோர்வைக் கரை. கரைக்கு ஒரு நிறம், உடலுக்கு ஒரு நிறம், ரெண்டையும் ஒவ்வொரு இழையிலும் கோத்துக்கொண்டே போக வேண்டும். வலது பக்கம் நான் உட்கார்ந்தால் இடது பக்கம் ஓர் ஆள் வேண்டும். அந்த இடம் கல்யாணம் ஆனதிலிருந்து உன் அக்காவின் இடம். அதில் இன்னொரு ஆளை உட்காரவைக்க எனக்கு மனசு வரவில்லை. புடவை பாதியில் நிற்கிறது. பெண் வீட்டிலிருந்து போன்மேல் போன் வருகிறது. அவர்களும் என்ன செய்வார்கள், பந்தக்கால் நடுகிற நேரம் வந்துவிட்டது.

ரீனா தறியில் ஆள் இல்லாமல் போனதற்குக் காரணம் யார்? அதே டேவிட்ராஜ்தான். அவர் இப்போது தறியில் உட்காருவதில்லை. களம்பூர் அரிசி மில்லில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லப் போயிருக்கிறார். தேவிகாபுரத்தில் யாரோ கூப்பிட்டார்களாம், அங்கேயும் போகிறார். ஹெல்மெட்டைக் கழற்றுவதே இல்லை. அவர் இடத்தில் என் பெண்டாட்டி உட்கார்ந்து நெய்கிறாள். சுவருக்கு இந்தப் பக்கம் ஒற்றை ஆளாக உட்கார்ந்து அந்தப் பக்கம் அவள் தறி நாடா தள்ளுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் மச்சான். வயிறு எரிகிறது. வேறு எப்படிச் சொல்லட்டும்?

அவள் ஏன் போனாள் என்று நான் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? அங்கே பயமில்லாத புதுக் கூரை, இங்கே அதே பழைய ஷீட். நீ ஆயிரம் சொன்னாலும் பெண் மனசு பயப்படத்தானே செய்யும்? அப்போது முடிவு பண்ணினேன். நம் கூரையும் இறங்க வேண்டும், அதுவும் அதே மரியாதையோடு இறங்க வேண்டும், உன் அக்கா தன் இடத்துக்குத் திரும்பி வர வேண்டும்.

கொத்தனார் ஜெயவேலிடம் கேட்டேன். "இதுக்குப் போயி வேன் எதுக்குங்க? சுத்தியால நாலு போடு போட்டா பொலபொலன்னு வந்துடும். கூட்டி மூட்டை கட்டி ஏரிக்கரைல கொட்டிட்டா ஜல்தியா முடிஞ்சிடும்" என்றான். ஏரிக்கரை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஜல்தி பிடித்தது. நான் ஒன்றும் பாதுகாப்பு இல்லாமல் இறங்கவில்லை, நீ செய்ததையெல்லாம் பார்த்தவன்தானே? வெள்ளை உடுப்புக்கு கிறிஸ்துமஸ் நாடகத்தில் சம்மனசு, அதுதான் தேவதூதன், போடுகிற அங்கியை எடுத்துக்கொண்டேன். அதெல்லாம் நம் வீட்டு டிரங்குப் பெட்டியில்தான் இருக்கிறது. இறக்கையைக் கழற்றிவிட்டேன். கழற்றாத மாதிரி தெருவில் பேசுகிறார்கள், நம்பாதே. முகமூடிக்கு நம் பட்டுத் துணியையே நாலாக மடித்து மூக்கில் கட்டினேன். அரக்குக் கரை வைத்த மாம்பழ நிறத் துண்டு. ஊரெல்லாம் ஆரணிப் பட்டு என்று கொண்டாடுகிறார்கள், அதில் நுழைந்துவிடுமா ஒரு தூசி என்று ஒரு வீம்பு. தெருவை அடைக்க நாடா இல்லை. மிஞ்சிப்போன பாவு நூலைச் சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கி ரெண்டு பக்கமும் கட்டினேன். எதிரே சக்கரவர்த்தி பாவு நீட்டிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்து, "இன்னா கிளமெண்டு, தெருவுலயே நெய்யப்போறியா?" என்றான். பாவைச் சுருட்டவில்லை.

அங்கியோடு ஏணியில் ஏறிச் சுத்தியை ஓங்கினேன். அவ்வளவுதான். "அண்ணே! தட்டாதீங்க! உடைச்சாத்தாண்ணே பேஜாரு!" என்று கத்திக்கொண்டு டேவிட்ராஜ் ஓடி வருகிறார். வந்தவர் சும்மா வரவில்லை, வீட்டுத் தண்ணீர்க் குழாயோடு வந்தார். "மொதல்ல நனைக்கணும், மச்சான் சொல்லிக்கிறாரு!" என்று பீய்ச்சி அடித்தார். ஷீட்டை நனைத்தாரோ இல்லையோ, என்னை நனைத்தார். நான் ஏணிமேல் சம்மனசு அங்கியில் தொப்பலாக நிற்கிறேன். அதோடு விட்டதா? மூக்கில் கட்டியிருந்த பட்டின் அரக்குச் சாயம் கரைந்து வாயிலும் தாடையிலும் வழிந்து அங்கியெல்லாம் சிவப்பு. கியாரண்டி சாயம் என்று சொல்லி நாம் விற்கிற அதே அரக்கு. ரத்தம் ரத்தம் என்று ரீனா அலறினாள். உன் அக்கா "ஐயோ, எம் புருஷன்" என்று தறியிலிருந்து எழுந்து ஓடி வந்தாள். நீலக் கூரைக்கு அடியிலிருந்து எனக்காக ஓடி வந்தாள், அதைப் பார்த்து ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கிட்டே வந்து தொட்டுப் பார்த்தாள். சாயம் என்று தெரிந்ததும் திரும்பி ரீனா தறிக்கே போய்விட்டாள். மற்றதெல்லாம் போகட்டும், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஷீட் உடையவில்லை. சுத்தி படவே இல்லை. நீ பதறாதே. ஆனால் இனிமேல் நான் பொறுப்பதாக இல்லை. அதே வேனை நீ அனுப்ப வேண்டும். அதே வெள்ளை உடுப்பு ஆட்கள் வர வேண்டும், முடிந்தால் கூட ரெண்டு பேர். போர்டு அவர் வீட்டுக்கு வைத்ததைவிடக் கொஞ்சமாவது பெரியதாக இருக்க வேண்டும். சக்கரவர்த்தி பாவைச் சுருட்ட வேண்டும். முத்துவேல் எல்லார் முன்னாலும், "இந்த ஊட்டுதுதாங்க ரொம்ப சீரியஸ்" என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். பொய் சொல்லச் சொல்லவில்லை, கொஞ்சம் தாராளமாகச் சொல்லச் சொல்கிறேன். இல்லாவிட்டால் வருகிற சனிக்கிழமை ஜெயவேலைக் கூட்டிக்கொண்டு நான் திரும்ப ஏறுவேன். டேவிட்ராஜ் அன்றைக்குக் களம்பூரில் இருப்பார், குழாய் பிடிக்க ஆள் இருக்காது. அப்புறம் என் நுரையீரலுக்கும் உன் அக்கா நுரையீரலுக்கும் நீதான் பொறுப்பு.

மாதா உன்னையும் உன் வீட்டையும் காக்கட்டும். எந்தத் தூசியும் உங்களை அண்டாமல் இருக்கட்டும். ஜெசிக்கு என் அன்பைச் சொல், பிள்ளைகளின் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை போடு. மூத்த மாப்பிள்ளை மனம் நொந்தால் உங்கள் வீட்டுக்கு நல்லதில்லை என்பதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்.

இப்படிக்கு,
ஒண்ணுமில்லாத கூரைக்குச் சொந்தக்காரனான உன் மாமா,
கிளமெண்ட்

பின்குறிப்பு: கவரை ஒட்ட நான் பசை தேடிக்கொண்டிருந்த நேரத்தில், சாப்பாட்டுக்கு வந்த உன் அக்கா இதை எடுத்து முழுசாகப் படித்துவிட்டாள். படித்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு என் முன்னால் நின்றாள்.

"கூரைக்குப் பயந்துகினு போனேன்னு யாரு சொன்னாங்க உங்களுக்கு?"

"பின்ன?"

"தம்பி பாத்துட்டு நல்லாகீதுன்னு சொன்ன அன்னிக்கே எனக்கு அந்தக் கவலை போச்சு. காலைல தறில உக்காந்தா பொழுது சாயற வரைக்கும் டேவிட்ராஜ், டேவிட்ராஜ், டேவிட்ராஜ். ஒரு வாட்டி நாடா தள்ளுனா ஒரு டேவிட்ராஜ். காது ரெண்டும் நோவுது. அதான் போனேன். அங்க அவரு ஊட்லயே இருக்கறதில்ல, ரீனா அவரு பேச்சயே எடுக்கறதில்ல. நிம்மதியா நெய்ஞ்சிகினு இருந்தேன்."

டேவிட்ராஜ் பேச்சு கேட்காத ஓர் இடம் தேடி என் பெண்டாட்டி டேவிட்ராஜ் வீட்டுக்கே போயிருக்கிறாள் மச்சான்! பசை தேடுவதை விட்டுவிட்டு அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். அதைப் பார்த்து அவளுக்குக் கொஞ்சம் இரக்கம் வந்திருக்க வேண்டும். இப்போது நம் தறியில் இடது பக்கம் உட்கார்ந்து இழை எடுத்துக்கொண்டிருக்கிறாள். இளமதி புடவையை அறுத்து மடிக்கிற வரைக்கும் அந்தப் பேரை நான் சொல்லக்கூடாது, சொன்னால் அதே நொடியில் எழுந்து போய்விடுவாளாம். ஒத்துக்கொண்டேன்.

ஆகவே மேலே கேட்டது எல்லாம் ரத்து. வேன் வேண்டாம், போர்டு வேண்டாம், முத்துவேல் ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டாம். வேன் வந்தால் தெரு கூடும், தெரு கூடினால் என் வாய் சும்மா இருக்காது, புடவை திரும்பப் பாதியில் நிற்கும். எந்த பெயிண்ட், எப்படி அடிப்பது என்று மட்டும் சொல்லி அனுப்பு. நீ சொன்னபடி சுரண்டாமல், தேய்க்காமல் அடித்துவிடுகிறேன். ஜெயவேலிடம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

எல்லாம் ரத்து என்றால் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடாமல் ஏன் தபாலில் போடுகிறேன் என்று கேட்பாய். யாரிடமாவது சொல்ல வேண்டாமா மச்சான்? தறியில் இனிமேல் பேச முடியாதே.